வயிறு வெளுக்காத குட்டி

முயலின் நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, ஊதிப் பார்க்க வேண்டும். முயலைத் தொடைமேல் உட்கார வைத்து, மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக, பாலாடையை விலக்குவதைப் போல மெல்ல ஊதினால் மயிர் வட்டமாகப் பிரிந்து அடித்தோல் தெரியும். தோலிலிருந்து நுனிவரை நிறம் எங்கே மாறுகிறது, மாறுகிற இடத்தில் கோடு தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். மூச்சு நின்றால் வட்டம் மூடிக்கொள்ளும்.

காலடிப்பேட்டை சுப்புராஜ் பதினொரு வருடங்களாகத் தினமும் காலையில் தன் வீட்டு மொட்டைமாடியில் இப்படி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முயலுக்கு ஒரு மூச்சு போதும். இந்த ஆடி மாதத்தில் மூன்று தேவைப்பட்டது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மணலி போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடை ஆபரேட்டர். லாரி மேடையில் ஏறி நின்றதும் திரையில் எண் கொஞ்ச நேரம் ஆடும். மற்ற ஆபரேட்டர்கள் ஆட்டம் குறைந்தவுடனே சீட்டு அடித்துவிடுவார்கள். சுப்புராஜ் எண் முழுக்க அடங்கும்வரை பொத்தானைத் தொடமாட்டார். பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கத்துவார்கள்: "இன்னா நைனா, லாரிக்கு ஜாதகம் எழுதினு கீறியா?"

மாடியில் முப்பத்திரண்டு கூண்டுகள் இருந்தன. கறிக்காக வளர்க்கவில்லை, விற்பதற்காகவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு நிறம். மணிப்புறாவின் கழுத்துக்குக் கீழே, சாம்பலும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் இருக்குமே, முதுகு முழுக்க அது. வயிறு மட்டும் பாலேடு மாதிரி வெளுத்திருக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில், விலாவோரமாக, வறுத்த ரவையின் நிறத்தில் ஒரு விரல் அகலக் கோடு. இப்படி ஒரு முயல் அவர் மாடியில் தற்செயலாகத்தான் பிறந்தது. அதை ஒரு இனமாக நிலைநிறுத்த அவருக்கு ஏழு வருடங்கள் பிடித்தன.

முயல் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் கண்காட்சி நடத்தும். சங்கத்திடம் அங்கீகரித்த நிறங்களின் பட்டியல் உண்டு. அதில் இல்லாத நிறத்தைக் கடைசி மேசையில் வைப்பார்கள், பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வருடம் கோயம்புத்தூரிலிருந்து வந்த நடுவர் சுப்புராஜின் முயலை ஊதிப் பார்த்து, இன்னொரு முறையும் ஊதிப் பார்த்து, "அழகாத்தான் இருக்குதுங்க. ஆனா லிஸ்ட்ல இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பட்டியலில் சேர்க்க வழி ஒன்றுதான். ஒரே ஆள் தொடர்ந்து மூன்று ஜனவரிகளில், ஒவ்வொரு முறையும் ஆறு முயல்களை, தாய் தகப்பன் பாட்டன் பாட்டி விவரத்தோடு கொண்டுவர வேண்டும். ஆறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சுப்புராஜ் இரண்டு ஜனவரிகளை முடித்திருந்தார். மூன்றாவதற்கு ஐந்து மாதங்கள் இருந்தன.

ஒன்றுபோல இருப்பதில்தான் சிக்கல். வெளியே வெளுத்த வயிறு தெரியும். உள்ளே வெளுக்காத வயிறு ஒளிந்திருக்கும், பேரக்குட்டியில் வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. சந்தேகப்படும் முயலை, உடம்பு முழுக்க ஒரே நிறமாக இருக்கிற முயலோடு சேர்க்க வேண்டும். பிறக்கிற குட்டிகளில் வயிறு வெளுக்காத குட்டி ஒன்று வந்தாலும் அந்த முயலுக்குள் கலப்பு ஒளிந்திருக்கிறது. அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை, அதை விலக்கிவிடலாம். ஆனால் முயல் சுத்தம் என்று சொல்ல வேண்டுமானால் தொடர்ந்து எட்டுக் குட்டிகள் வெளுத்த வயிற்றோடு பிறக்க வேண்டும். ஏழு போதாது. குற்றம் சொல்ல ஒன்று, விடுதலை செய்ய எட்டு. இது சுப்புராஜின் மாடியில் மாறாத விதி.

இருமல் சித்திரையில் தொடங்கியது. முதலில் சாயங்காலங்களில் மட்டும் வந்தது. பிறகு படியேறும்போது நெஞ்சில் ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். அந்தப் பக்கத்தில் யார் இருமினாலும் எல்லோரும் வடக்கே, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைக் கைகாட்டுவார்கள். காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தால் துணி கறுக்கும். துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் வெள்ளையாக இருக்காது. "சாம்பல்தான்" என்றார்கள் யார்டில். "சாம்பல்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். அரசு மருத்துவமனையில் நெஞ்சு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல கோழி, புறா, நாய், பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் சுப்புராஜ்.

கோழி இல்லை. புறா இல்லை. நாயும் பூனையும் இல்லை. வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்தபின் தான் பொய் சொல்லவில்லை என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டார். டாக்டர் ஒரு உறிஞ்சு மருந்தும், ஊதிப் பார்க்கும் மீட்டர் ஒன்றும் எழுதிக் கொடுத்திருந்தார். கை நீளக் குழாய். ஊதினால் பக்கத்திலிருக்கும் முள் மேலே போய் நிற்கும். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் நானூறைத் தாண்ட வேண்டும். அவருடைய முள் இருநூற்று ஐம்பதில் நின்றது.

அவருடைய மனைவி சீனியம்மாள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். அடுத்த தெருவில் பத்தொன்பது வருடங்களாக மளிகைக்கடை நடத்தினார். வாடகைக் கடைதான், ஆனால் அலமாரிகள் அடித்ததும் தராசு வாங்கியதும் வாடிக்கையைப் பிடித்ததும் அவர். வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த வீட்டில் பரீட்சை, எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் இன்று இரண்டு டம்ளர் அரிசி கூடுதலாக வேகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெருவில் பாதிப்பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'கடை அக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஆவணியில் மகள் வீட்டுக்கு, ஆவடிக்கு, மூன்று நாள் போனார்கள். அங்கே சுப்புராஜ் இரவில் இருமவில்லை. திரும்பி வந்த வாரமே சீனியம்மாள் தனியாக ஒருமுறை ஆவடிக்குப் போய்விட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சொன்னார்:

"ஏங்க, வீடு பாத்துட்டேன். மகள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. மாடி முழுக்க நமக்குத்தான். தகரக் கொட்டகை வேற போட்டு வச்சிருக்காங்க. உங்க முயலுக்கு வெயிலே படாது."

"கடை?"

"ஆவடியில ஆளுங்க அரிசி திங்காமலா இருக்காங்க? அங்க ஒண்ணு பாத்துக்கிடலாம். மூச்சு இருந்தாத்தான கடை." கொஞ்சம் நிறுத்தினார். "வேம்பு அம்மாகிட்ட மாசக் கடைசியில சாவி தாரேன்னு சொல்லிட்டேன். செல்போன் கவர் விக்கிற பையன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கானாம். அதுக்குள்ள உங்களுக்கு வேற யோசனை இருந்தா சொல்லுங்க."

வேம்பு அம்மா கடையின் சொந்தக்காரர். மாதக் கடைசிக்கு இருபத்திரண்டு நாட்கள் இருந்தன. சுப்புராஜ் யோசனை எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஒன்று தோன்றியிருந்தது. ஆவடியில் மூச்சு சீரானதற்கு அங்கே சாம்பல் இல்லாதது காரணமாக இருக்கலாம். அங்கே முயலும் இல்லையே? மகள் வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அவர் சீனியம்மாளின் கடையில் ரோட்டைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். லாரிகள் போயின, தூசி பறந்தது, இருமல் வரவில்லை. மறுநாள் காலை மாடிக்குப் போய் முப்பத்திரண்டு கூண்டுகளையும் கழுவி ஆறு முயல்களை ஊதிப் பார்த்தார். சாயங்காலம் எடைமேடைக் கேபினில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமியபடி நின்றார்.

இது உண்மையென்றால் சீனியம்மாள் கடையை விட வேண்டியதில்லை. முயல்கள்தான் போக வேண்டும். சொல்லாமல் இருந்தால் கடை போகும், முயல்கள் தகரக் கொட்டகைக்குக் கீழே ஆவடிக்கு வரும், ஜனவரியும் வரும். மனைவி அவருடைய முயலுக்கும் சேர்த்து வீடு பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒரு சாயங்காலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு எண் அடங்கும்வரை பார்த்தே பழகியவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் கமாலின் கடைக்குப் போனார். படகு இன்ஜின் உதிரிபாகக் கடை. கமாலும் முயல் வளர்ப்பவர், சங்கத்தில் பழகியவர், வீடு தண்டையார்பேட்டையில்.

"கமாலு, எட்டு நாளிக்கு என் மாடிய நீதான் பாத்துக்கணும்."

"இன்னா மாமு, மறுபடி ஊருக்குப் போறியா?"

"போவல. வூட்லதான் இருப்பேன்."

கமால் கையிலிருந்த கேஸ்கெட்டைக் கீழே வைத்தார். "வூட்ல இருந்துகினே மாடி ஏற மாட்டியா? அக்கா படிக்கட்டுக்குப் பூட்டு போட்டுடுச்சா?"

"டெஸ்ட் போடப் போறேன்."

"எந்த முயலுக்கு?"

"எனுக்கு."

கமால் சிரித்தார். சுப்புராஜ் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். சுப்புராஜ் ஆவடி, கடை, ஆறு முயல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"டாக்டராண்ட முயல் கீதுன்னு சொன்னியா?"

"கோழி, புறா, நாய், பூனை கீதான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

"நல்லா கீதுபா உன் நாயம்! லிஸ்ட்ல இல்லன்னு உன் கலரத் தள்ளுன அந்த ஜட்ஜ ரெண்டு வருசமா திட்டிக்கினு கீற. நீ இன்னாடான்னா டாக்டர் லிஸ்ட்ல இல்லன்னு முப்பத்திரெண்டு கூண்டையும் முழுங்கிட்டியே."

"வருவியா மாட்டியா?"

"வரேன். விடியக்காலைல சுபூ தொழுதுட்டு நேரா வண்டிய எடுத்துக்கினு வரேன். ஆனா உன்ன மாதிரி ஒவ்வொண்ணையும் மடியில வச்சி கொஞ்சிக்கினு இருக்க மாட்டேன். புல்லு, தண்ணி, பீ அள்ளுறது. அவ்ளோதான்."

திங்கட்கிழமை தொடங்கியது. சுப்புராஜ் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. மாடியில் போட்டுக்கொள்ளும் லுங்கியையும் சட்டையையும் வெந்நீரில் துவைத்து வெளியே உலர்த்தினார். மாடிக் கதவின் அடி இடுக்கில் ஈரச் சாக்கு போட்டார். யார்டுக்குப் போகும் வழியை மாற்றவில்லை, உறிஞ்சு மருந்தின் அளவைக் கூட்டவில்லை, முகமூடி போடவில்லை. மாறியது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையிலும் மீட்டரை ஊதி ஒரு காகிதத்தில் எழுதினார்.

முதல் நாள் இருநூற்று ஐம்பது. இரண்டாம் நாள் இருநூற்று அறுபது. மூன்றாம் நாள் முந்நூற்றுப் பத்து.

அந்த மூன்றாம் நாளை அவர் நன்றாகக் கவனித்தார். முந்தின நாள் காலையிலிருந்தே காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் விரல் கறுத்தது. அப்படிப்பட்ட இரவைக் கழித்துவிட்டு ஊதிய ஊதலில் முள் ஐம்பது ஏறி நின்றது. மீட்டரை உதறிவிட்டு மறுபடி ஊதினார். அதே முந்நூற்றுப் பத்து.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சீனியம்மாள் அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கேட்டார்: "மூணு நாளா கமால் அண்ணன் வந்து போறாங்க. நீங்க ஏன் மாடிக்குப் போகல?"

"படி ஏறுனா மூச்சு வாங்குது. கொஞ்ச நாளு விட்டுப் பாக்கலாம்னு."

சீனியம்மாள் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது சின்னப் பொய் என்றுதான் சுப்புராஜ் நினைத்தார்.

நான்காம் நாள் மழை. முந்நூற்று முப்பது. மழையில் சாம்பல் அடங்கியிருக்கும், ஆகவே அந்த நாள் செல்லாது என்று ஓரத்தில் குறித்தார். எட்டும் முடியட்டும், பார்க்கலாம். ஐந்தாம் நாள் முந்நூற்று நாற்பத்தைந்து. முள் ஏற ஏற அவர் நெஞ்சு லேசானது, மனம் கனத்தது. ஒரு நாளாவது அது இறங்கக் கூடாதா என்று ஒவ்வொரு காலையிலும் குழாயை வாயில் வைக்கும்போது நினைத்தார். மூச்சு நன்றாக வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே முழு மூச்சாக ஊதினார். அரைமூச்சாக ஊதி ஏமாற்றவும் அவருக்குத் தெரியவில்லை.

மாடியில் கமால் நடக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர்ப் பாட்டில்கள் இடிபடும் சத்தம். ஒரு பெண் முயல் ஈனும் நாள் நெருங்கி மார்பு மயிரைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போட்டிருப்பதாகக் கமால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். சுப்புராஜ் படிக்கட்டின் முதல் படிவரை போய் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆறாம் நாள் முந்நூற்று அறுபது. அன்று வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. பத்தொன்பது வருடங்களில் அந்த நேரத்தில் சீனியம்மாள் வீட்டில் இருந்ததில்லை. அடுப்படித் தரையில் கடைத் தராசு, அதன்மேல் எடைக்கற்கள், பக்கத்தில் நான்கு பிஸ்கட் டப்பாக்கள்.

"சாவியக் குடுத்துட்டேன்" என்றார் சீனியம்மாள்.

"மாசக் கடைசின்னு சொன்னியே சீனி?"

"சொன்னேன். பதினோரு வருசத்துல வீட்ல இருந்துகிட்டு நீங்க ஒருநாள் மாடி ஏறாம இருந்தது கிடையாது. நம்ம மக கல்யாணத்தன்னிக்கும் ஏறி இறங்குனீங்க. இப்ப ஆறு நாளா ஏறல. எனக்குப் புரியாதா? மாசக் கடைசி வரைக்கும் உக்காந்து பருப்பு நிறுத்துக்கிட்டு இருக்கணுமா? அடுத்த வாரமே போயிருவோம்." சொல்லிவிட்டு எடைக்கற்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கினார். வரிசை சரியாகத்தான் இருந்தது. மறுபடி கலைத்து அடுக்கினார்.

சுப்புராஜ் சட்டைப்பையில் இருந்த காகிதத்தைத் தொட்டார். இன்னும் இரண்டு நாட்கள் பாக்கி. அதை எடுக்காமல் கை கழுவப் போனார்.

ஏழாம் நாள் முந்நூற்று எழுபது. எட்டாம் நாள் முந்நூற்று எண்பது.

ஒன்பதாம் நாள் விடியலில் சுப்புராஜ் மாடிக்குப் போனார். கமால் கூண்டுகளுக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தார். சுப்புராஜ் காகிதத்தைக் கொடுத்தார். கமால் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படித்தார்.

"மாமு, இது மூணாவது நாளு இன்னா போட்டுக்கீற?"

"முந்நூத்திப் பத்து."

"அன்னிக்குக் காத்து?"

"வடக்குக் காத்து."

"அப்ப அன்னிக்கே வயிறு வெளுக்காத குட்டி வெளிய வந்துடுச்சே. அதுக்கப்புறம் இன்னாத்துக்கு எட்டு வரிக்கும் எண்ணிக்கினு இருந்தே? நீதான எனுக்குக் கத்துக்குடுத்தே, கெட்டதுக்கு ஒண்ணு போதும்னு?"

"நாலாவது நாளு மழை..."

"மழை நாலாவது நாளு. நான் கேக்கறது மூணாவது நாளு."

சுப்புராஜ் கமால் கையிலிருந்த காகிதத்தில் மூன்றாவது வரியைப் பார்த்தார். சந்தேகப்பட்ட முயலுக்கு அவர் ஒருபோதும் இப்படிச் சலுகை கொடுத்ததில்லை. போன வருடம் அவருக்கு ரொம்பப் பிடித்த ஆண் முயல் ஒன்றை, ஒரே ஒரு குட்டிக்காக, அன்றைக்கே விலக்கியிருந்தார்.

"சரி வுடு. அக்காவாண்ட சொல்லிடு. மாசக் கடைசிக்கு நாளு கீதில்ல."

"சாவி குடுத்துட்டா."

"எப்போ?"

"ஆறாவது நாளு. நான் மாடி ஏறாததப் பாத்து, முடியாமப் போச்சுன்னு நெனச்சிட்டா."

கமால் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே பெருக்கின இடத்தையே பெருக்க ஆரம்பித்தார்.

சுப்புராஜ் காதில் நாற்பத்தொன்று என்று எண் குத்தியிருந்த ஆண் முயலைக் கூண்டிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்தார். "வேணாம் மாமு" என்றார் கமால். சுப்புராஜ் ஊதினார். ஒரே மூச்சு. மயிர் அகலமாக விரிந்தது, அடியில் வெளிர் சாம்பல், மேலே மணிப்புறா, நடுவில் கோடு கத்தியால் கீறியது போல இருந்தது. இவ்வளவு தெளிவாக அவர் அதை இந்த வருடம் பார்த்ததில்லை. மூச்சை முடிந்தவரை நீட்டிப் பிடித்துவிட்டு முயலைக் கமாலிடம் கொடுத்தார். கீழே இறங்கிப் போய் சீனியம்மாளிடம் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், மூன்றாம் நாள், ஆறாம் நாள். சீனியம்மாள் காகிதத்தை வாங்கி எட்டு வரிகளையும் படித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"இத எழுதுனப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் தராசத் தூக்கிட்டு வந்து வைக்கிறேன். நீங்க பாத்துட்டு நிக்கீங்க."

"முழுசாத் தெரிஞ்சிக்கினு சொல்லலாம்னு..."

"முயல விடச் சொல்லி நான் ஒருநாள் சொல்லியிருக்கேனா? அதுக்கும் சேத்துல்ல கொட்டகை பாத்தேன்." சத்தம் போடவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்தார். "சாயங்காலம் வேம்பு அம்மா வீட்டுக்குப் போவோம். நான் பேச மாட்டேன். நீங்க பேசணும்."

போகும் வழியில் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷட்டர் திறந்திருந்தது. சீனியம்மாள் அடித்த அலமாரிப் பலகைகள் வெளியே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பையன் ஏணிமேல் நின்று நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். சீனியம்மாள் நிற்காமல் நடந்தார்.

வேம்பு அம்மாவின் வீட்டு வாசலை அடைவதற்குள் காலையில் ஊதிய ஊதல் வேலையைக் காட்டிவிட்டது. சுப்புராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார், நிமிர முடியவில்லை. வேம்பு அம்மா ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"ஐயோ, இந்தச் சாம்பலு மனுசன இன்னா பாடு படுத்துது பாரு! நீங்க ஆவடிக்குப் போறதுதான்பா நல்லது. சீனிம்மா சொன்னப்பகூட நான் யோசிச்சேன், இவ்ளோ மோசமாவா கீதுன்னு."

சீனியம்மாள் கணவரைப் பார்த்தார். சுப்புராஜ் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"சாம்பல் இல்லம்மா" என்றார். "முயலு. என் மாடியில கீற முயலு. எனுக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம வுட்டுட்டேன். கடைய அவளுக்கே திருப்பிக் குடுக்கணும்."

வேம்பு அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சீனியம்மாளைப் பார்த்துத்தான் பேசினார். "நேத்து அந்தப் பையனுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன் சீனிம்மா. முந்தாநாளு வந்திருந்தாகூட... மூணு வருசத்துக்கு எழுதிக்கீறான். நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?"

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் சீனியம்மாள்.

முயல்கள் தண்டையார்பேட்டைக்குப் போக மூன்று நடை ஆனது. கமால் ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து வந்தார். ஜனவரிக்கு வைத்திருந்த ஆறும் கடைசி நடையில் போயின. மூன்று வருடமும் ஒரே ஆள் தன் கூண்டில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கமால் காட்டினால் அது முதல் வருடம்தான். சுப்புராஜ் பதினொரு வருடத்து நோட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

"நான் உன்ன மாதிரி எழுத மாட்டேன் மாமு" என்றார் கமால். "மறந்துடுவேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுக்குற?"

"வேற யாராண்ட குடுக்கறது?"

டாக்டரிடமும் போய்ச் சொன்னார்கள். சாம்பலும் நல்லதில்லைதான், ஆனால் இது முயல்தான் என்றார் டாக்டர். காலையில் மூன்று முறை ஊதி மூன்றில் பெரியதை எழுதி வரச் சொன்னார். ஆவடி வீட்டுக்காரருக்குச் சீனியம்மாள் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். "மூச்சு இங்கயே வருதுல்ல, பிறகு எதுக்கு அங்க?" வேறு கடை தேடுவதைப் பற்றி மகள் கேட்டபோது பேச்சை மாற்றினார். அலமாரிப் பலகைகள் வீட்டு மாடியில், கூண்டுகள் இருந்த இடத்தில், பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே கிடந்தன.

இப்போது காலை ஆறு மணிக்கு இருவருக்கும் போக வேண்டிய இடம் இல்லை. அவருக்கு மாடி இல்லை, இவருக்குக் கடை இல்லை. சீனியம்மாள் மீட்டரையும் கடையில் காதில் செருகியிருந்த பென்சிலையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவார். காகிதம் அவர் கையில்தான் இருக்கும். சுப்புராஜ் ஊதுவார். முந்நூற்றுத் தொண்ணூறு. சில நாட்கள் கழித்து நானூறு. முள் மெல்ல மெல்ல ஏறியது. ஏறுவதைப் பார்க்கச் சீனியம்மாளுக்கு எப்படி இருந்தது என்று சுப்புராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணைச் சொல்வார், எழுதுவார், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் முள் நானூற்றுப் பத்தில் நின்றது. சீனியம்மாள் எழுதப் போனபோது கீழே தெருவிலிருந்து ஒரு பெண் குரல், பழக்கத்தில், "கடை அக்கா!" என்று கூப்பிட்டது. சீனியம்மாள் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் கீழே இருந்தவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும், மறுபடி கூப்பிடவில்லை. சீனியம்மாள் உட்கார்ந்தார். பென்சிலைக் காகிதத்தில் வைக்காமல் மீட்டரை வாங்கி முள்ளைக் கீழே இறக்கி நீட்டினார்.

"இன்னும் ரெண்டு தடவை இருக்கு. ஊதுங்க."

சுப்புராஜ் வாங்கி ஊதினார்.